இரண்டு துளைக் கிராங்கோடு திருத்தணிக்கு

காலை ஆறு பத்துக்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். 2003ஆம் ஆண்டு, கோடை முடிந்தும் வெயில் முடியாத ஒரு சனிக்கிழமை. திருத்தணி வரை டிக்கெட் பதிமூன்று ரூபாய். அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். தோள்பையில் மூன்று சப்பாத்தி, தண்ணீர் பாட்டில், அளக்கும் காலிப்பர், சில புகைப்படங்கள், பழைய துண்டில் சுற்றிய ஒரு கிராங்க். சைக்கிள் பெடலை நடு அச்சோடு சேர்க்கும் கையைத்தான் கிராங்க் என்கிறோம். அரைக் கிலோகூட இல்லாத அந்த அலுமினியத் துண்டுக்காகத்தான் இந்தப் பயணம்.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள். வரைபடத்தில் இருக்கும் அளவும் கையில் இருக்கும் பொருளின் அளவும் ஒன்றுதானா என்று நாள் முழுக்கப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் பழைய மலைச் சைக்கிள்கள். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பதினெட்டு இருபத்தொரு கியர் என்று எண்பதுகளின் கடைசியில் வெளிநாடுகளில் பரவிய வகை. கப்பலில் வந்தவர்களும் ஊர் சுற்ற வந்தவர்களும் இங்கே விட்டுப்போன சில, காயலாங்கடைகளில் அகப்படும். பாகங்களில் பொறித்திருக்கும் சிறு குறிகளை வைத்து எந்த வருடம் செய்தது என்று கண்டுபிடிப்பேன். அப்படி எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு சேர்ந்துவிட்டன. ஐந்தாவது வந்தால், தான் மாடிக்குக் குடிபோய்விடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

நான்காவது சைக்கிளைப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு காயலாங்கடையில் ஆறு மாதத்துக்கு முன் வாங்கினேன். ஜப்பானில் 1990 வாக்கில் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் மூன்று விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலாவது, இடது கிராங்கில் பெடல் மாட்டும் துளை இரண்டு இருந்தன. ஒன்று அச்சிலிருந்து 170 மில்லிமீட்டரில், கம்பெனி போட்டது. இன்னொன்று 127 மில்லிமீட்டரில், யாரோ பிறகு போட்டது. இரண்டாவது, வலதுபக்கம் ஒரே ஒரு பிரேக் கைப்பிடி. அது முன், பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுத்தது. அதற்குள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு, தராசுக் கோல் மாதிரி. இரண்டு கியர் நெம்புகளும் வலதுபக்கமே இருந்தன. மூன்றாவது, முன்பக்கப் பல்சக்கரங்களில் சிறியதைக் கையால் வெட்டியிருந்தார்கள். இருபது பல். நான் அளந்து பார்த்தேன். பல்லுக்குப் பல் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. கிராங்கிலும் பித்தளையிலும் பல்சக்கரத்திலும் ஒரே கை அடித்தது போல மூன்று புள்ளிகள், முக்கோணமாக.

தெருமுனை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழைய சைக்கிள் பைத்தியங்கள் கூடும் ஓர் இணையக் குழுவுக்குப் படம் அனுப்பினேன். ஒருவர் கம்பெனியின் சோதனை மாதிரி என்றார். இன்னொருவர், ஒரு கை இல்லாதவர் ஓட்டியது என்றார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. இடது கைப்பிடி ரப்பரில் நான்கு விரல் பதிந்த பள்ளம் தெளிவாக இருந்தது. அந்தக் குழுவில் வெளிநாட்டு அன்பர் ஒருவர் பிரேக் கைப்பிடியை எப்படியாவது தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அளவெல்லாம் வரைந்து வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கு முன்தான் அதைத் தபாலில் அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகுதான், யார் செய்தது என்று நேரில் போய்த் தேடலாம் என்ற எண்ணமே வந்தது. காயலாங்கடைக்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த லோடு.

அரக்கோணத்தில் வண்டி மாறியதும் எதிரே ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மடியில் பேரன், மொட்டை அடிக்கப் போகிற தலை. நான் கிராங்கைத் துண்டிலிருந்து எடுத்துப் பார்த்ததும் உற்றுப் பார்த்தார்.

"சாமிக்கு நேர்ந்துகினதா?"

"இல்லைங்க. சைக்கிள் சாமான்."

"அதுக்கும் நேர்ந்துக்கலாம். முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காலை 8.25, திருத்தணி. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மலை தெரிகிறது. இருபது பல் சக்கரம் செங்குத்தான மேட்டுக்குத்தான் என்று எனக்கு நிச்சயம். திருத்தணியில் மேடு என்றால் மலைப்பாதைதானே? அதனால் முதலில் மலைக்கே போனேன். ஆட்டோ அறுபது ரூபாய்.

"இந்த ரோட்டுல சைக்கிள்ல ஏறுறவங்க யாராச்சும் உண்டா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"சைக்கிள்லயா? இன்னா மேடம் நீங்க. ஏறுனாக்கூட ஏறிடலாம், எறங்கறது யாரு?" என்றார் அவர், வளைவில் ஒரு பேருந்துக்கு வழி விட்டபடி.

மேலே நல்ல காற்று. வடக்கே ஆந்திராப் பக்கத்து நகரி மலைகள் சாம்பல் நீலத்தில் கிடந்தன. தரிசனம் முடித்து வெளியே வந்தபோது, மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்துக்காரர் ஒருவர், ஈரத் துண்டோடு நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"முப்பது வருஷமா தினம் ஏறி எறங்கறேன். சைக்கிள்ல வந்தவரை நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "கீழே சரவணப் பொய்கைப் பக்கம் பாஷான்னு ஒருத்தர் சைக்கிள் கடை வெச்சிருக்கார். இந்த ஊர்ல அவர் கைபடாத சைக்கிள் கிடையாது. அவரைக் கேளுங்கோ."

படி வழியாகவே இறங்கினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. பாதிக்கு மேல் முழங்கால் கெஞ்சத் தொடங்கியது. எதிரே ஏறி வந்த ஒருவர் ஒரு காலை மட்டும் படியில் வைத்து மற்றக் காலை இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: குட்டைக் கிராங்க் என்றால் கால் சுற்றும் வட்டம் சிறியது. முழங்கால் அதிகம் மடங்கத் தேவையில்லை. ஆக, இடது முழங்கால் மடங்காத ஒருவர். இடது கையிலும் பிரேக் பிடிக்க முடியாத ஒருவர். ஒரு பக்கம் முழுக்க வராமல் போன ஒரு மனிதரை நான் மனசுக்குள் செய்து முடித்துவிட்டேன். இடது ரப்பரில் பதிந்திருந்த விரல்களை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காலை 10.40. பாஷா கடை பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரியது. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்றுக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஒரு பக்கம் கை, கால் ரெண்டும் வராதவர், சைக்கிள் ஓட்டினவர் யாராவது இந்தப் பக்கம் உண்டுங்களா?"

"அப்படி யாரும் கெடையாதும்மா. கை இல்லாதவங்க இருக்காங்க, கால் இல்லாதவங்க இருக்காங்க. ரெண்டும் சேந்தவங்க சைக்கிளு எப்படி ஓட்டுவாங்க?"

நான் கிராங்கை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பினார். மூன்று புள்ளி மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

"இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, கடை வாசலில் ஒரு வேப்பமரத்தைக் காட்டினார். "ரெண்டு வருசத்துக்கு முன்ன, ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டம், நிக்க எடமில்ல. அந்த மரத்தாண்டதான் நிறுத்திட்டு, பாத்துக்க பாய்னு சொல்லிட்டு மேல போச்சு அந்தப் பொண்ணு. நான் ஒரு பஞ்சர் ஒட்டிகினு இருந்தேன். தல தூக்கிப் பாக்குறேன், சைக்கிளு இல்ல."

"எந்தப் பொண்ணு?"

"கஜலட்சுமி. பொதட்டூர்பேட்டை. வூட்டுக்காரரு தணிகாசலம், தறி மெக்கானிக்கு. இந்த மூணு புள்ளி அவருது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். நான் திரும்பியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இல்லம்மா. சொல்லுங்க. பாஷாதான் அனுப்புனான்னு சொல்லுங்க."

பேருந்து நிலையம் வரை நடந்தேன். வெயில் தலையில் இறங்கியது. சோதனை மாதிரி, அபூர்வ மாற்றம் என்று ஆறு மாதமாக நான் கொஞ்சிக்கொண்டிருந்தது திருட்டுச் சைக்கிள். அதில் ஒரு பாகத்தைக் கடல் தாண்டி அனுப்பியும் விட்டேன்.

நிலையத்தில் இரண்டு பேருந்துகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சென்னை போவது. இன்னொன்று பொதட்டூர்பேட்டை. சென்னைப் பேருந்தில் ஏறினால் யாருக்கும் எதுவும் தெரியாது. பாஷாவுக்கு என் பெயர்கூடத் தெரியாது. மூன்று ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அது தீரும் வரை யோசித்தேன். பெரிய நேர்மை என்று ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். போய்விட்டால் அந்த விரல் பள்ளத்துக்கு அர்த்தம் தெரியாமலே போய்விடும் என்பதுதான் அந்த நேரத்தில் என்னைப் பிடித்து இழுத்தது. பயமும் இருந்தது, ஆவல் அதைவிட ஒரு முழம் கூட இருந்தது. பொதட்டூர்பேட்டைப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய்.

பிற்பகல் 12.50, பொதட்டூர்பேட்டை. பேருந்து நிற்கும் முன்பே ஊரின் சத்தம் கேட்கிறது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு விசைத்தறி. வாசலில் நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசுகிறார்கள். லுங்கிச் சாயம் பட்ட நூல் கட்டுகள் கம்பிகளில் காய்ந்தன. தணிகாசலம் வீட்டை இரண்டு பேர் காட்டினார்கள், இரண்டாமவர், "தறி ரிப்பேரா? அவரு இப்பத்தான் சாப்ட உக்காந்தாரு" என்று கூடவே சொன்னார்.

முன் அறையில் இரண்டு தறிகள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். இடது கால் மடங்காமல் நேரே நீட்டியிருந்தது. நான் முதலில் அவருடைய இடது கையைத்தான் பார்த்தேன். ஐந்து விரலும் நன்றாக இருந்தன.

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் குழம்புப் பாத்திரத்தோடு வந்தார். பாத்திரத்தை வலது கையால் பிடித்து, இடது உள்ளங்கையால் தாங்கியிருந்தார். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன.

நான் செய்து வைத்திருந்த ஒற்றை மனிதர் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிட்டார். குட்டைத் துளை கணவருடைய முழங்காலுக்கு. வலதுபக்கப் பிரேக்கும் கியரும் மனைவியின் கைக்கு. இடது ரப்பரில் பதிந்த நான்கு விரலும் கணவருடையவை. ஒரு சைக்கிள், இரண்டு பேர்! கேட்க வந்த கேள்விக்கு யாரும் வாய் திறக்காமலே பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கிராங்கை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

தணிகாசலம் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார். "ஏய், கஜா. நம்ம கிராங்குடி" என்றார். எழுந்து போய்த் தறியை நிறுத்தினார். அந்த அமைதி எனக்குத்தான் பெரிதாகக் கேட்டது.

கஜலட்சுமி அதை வாங்கவில்லை. "எங்க கெடச்சிச்சு? யாரு குடுத்தா உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். காயலாங்கடை, இணையக் குழு, பாஷா. வாங்கிய ரசீதையும் காட்டினேன். கஜலட்சுமி ரசீதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சைக்கிளு முழுசா கீதா?"

"இருக்கு. பிரிச்சு வச்சிருக்கேன். எல்லாம் இருக்கு. பிரேக் கைப்பிடி மட்டும்..."

"பிரேக்குக்கு இன்னா?"

"ஒருத்தர் கேட்டார்னு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டேன். திருப்பி வாங்கிடறேன்."

கஜலட்சுமி தூணில் சாய்ந்துகொண்டார். "பிரேக்கு தாங்க அதுல எல்லாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தணிகாசலம் கை கழுவிவிட்டு வந்தார். எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன், யாரும் கேட்கவில்லை. அந்தச் சாப்பாட்டின்போதுதான் சைக்கிளின் கதை எனக்குக் கிடைத்தது.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு வெள்ளைக்காரர் அந்தச் சைக்கிளில் திருப்பதிக்குப் போகிற வழியில் காய்ச்சலோடு இவர்கள் வாசலில் விழுந்தார். நான்கு நாள் இங்கேயே கிடந்தார். ஐந்தாம் நாள் சென்னைக்குப் பேருந்து ஏற்றிவிட்டபோது, சைக்கிளை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார். தணிகாசலத்துக்குச் சின்ன வயதில் லாரி இடித்ததிலிருந்தே முழங்கால் அப்படித்தான். சைக்கிள் என்பதே அவருக்கு இல்லை. அதனால் முதலில் இரண்டாவது துளை.

"துளை போட்டுட்டேன் மேடம். மரை வெட்டணுமே. எடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் சுத்தும். அந்த மரை வெட்டுற டேப்பு இங்க எங்க கெடைக்கும்?" என்றார் தணிகாசலம். எழுந்து போய் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, கறுத்த ஓர் இரும்புத் துண்டை எடுத்து வந்தார். பழைய இடது பெடல் ஒன்றின் அச்சு. அதன் நீளத்துக்கு மூன்று வாய்க்கால் அராவி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டு இறுக்கி, அதையே டேப்பாக்கியிருந்தார். "பெடலு எப்படிச் சுத்துதோ அப்படியேதானே வெட்டியாவணும்."

எங்கள் தொழிற்சாலையில் டேப் வைக்கத் தனி அலமாரி உண்டு. அதில் இல்லாத ஒன்றை நான் அன்றைக்குக் கையில் பிடித்திருந்தேன்.

மறு வருடம் தறியில் கஜலட்சுமியின் கை சிக்கியது. அதற்கப்புறம் அவரால் நூல் முடிச்சுப் போட முடியவில்லை. தறி ஓட்ட முடியாதவர் லுங்கியை விற்கப் போகலாம் என்று அவரே முடிவு செய்தார். நாற்பது லுங்கியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டை, கே.ஜி.கண்டிகை, எல்லை தாண்டி ஆந்திரா கிராமங்கள். மேட்டுக்காக இருபது பல் சக்கரம். ஒரு கைக்காகப் பிரேக்கும் கியரும். காலையிலிருந்து மத்தியானம் வரை அவர். திரும்பி வந்ததும் பெடலைத் துளை மாற்றி மாட்டிக்கொண்டு தணிகாசலம் பக்கத்து ஊர்களுக்குத் தறி ரிப்பேருக்கு. ஐந்து வருடம் அப்படி ஓடியிருக்கிறது.

"போலீசுக்குப் போகலையா?"

"பில்லு இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னான்னு போறது?" என்றார் கஜலட்சுமி. "இப்ப பஸ்ஸு போற ஊருக்கு மட்டும்தான் போறேன். பஸ்ஸு போற ஊர்ல எல்லாருமே போயி விக்கிறாங்க. பஸ்ஸு போவாத ஊருதாங்க எனக்கு யாவாரம்."

கிளம்பும்போது இரண்டு வாரத்தில் சைக்கிளோடு வருவதாகச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. கிராங்கை அங்கேயே விட்டு வந்தேன். பேருந்து வரை கூட வந்த கஜலட்சுமி, ஜன்னலருகே நின்று, "அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதுவீங்கல்ல? பிரேக்கு எதுக்குச் செஞ்சதுன்னு எழுதுங்க. ஒத்தக் கைக்காரிக்குன்னு எழுதாதீங்க. எனக்கு ரெண்டு கையும் கீது" என்றார்.

திங்கட்கிழமையே அப்படியே எழுதினேன். கைப்பிடியைத் திருப்பி அனுப்பும்படியும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். ஆனால் பொட்டலமே இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லையாம்.

இரண்டாம் பயணம்: மறு பதினைந்தாம் நாள், ஞாயிறு. இடது கிராங்க் நீங்கலாகச் சைக்கிளை முழுக்கப் பூட்டி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, லக்கேஜ் சீட்டு வாங்கி, காய்கறிக் கூடைகள் ஏற்றும் பெட்டியில் நானும் அதோடு நின்றுகொண்டே வந்தேன். வலதுபக்கத்துக்குச் சாதாரண பிரேக் கைப்பிடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். திருத்தணியில் இறங்கி, தள்ளிக்கொண்டே முதலில் பாஷா கடைக்குப் போனேன். அவர் இரண்டு டயருக்கும் காற்றடித்தார். பொதட்டூர்பேட்டைப் பேருந்தின் கூரைமேல் தானே ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். "எறக்குறப்ப பாத்து எறக்கணும்" என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார்.

தணிகாசலம் தயாராக இருந்தார். நான் வரைந்து வைத்திருந்த பித்தளைத் துண்டின் வரைபடத்தை நீட்டினேன். இரண்டு பக்கக் கேபிளுக்கும் நடுவில் ஆணித் துளை சரியாக மையத்தில் இல்லாமல் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். பின் பிரேக் சற்று அதிகமாகப் பிடிக்க அந்த ஏற்பாடு. அதைத்தான் இணையக் குழுவில் எல்லோரும் மேதைமை என்று புகழ்ந்தார்கள்.

தாளைப் பார்த்துச் சிரித்தார். "அழகா வரைஞ்சிகீறீங்க. ஆனா அது தப்பான அளவு மேடம். மண்ணு ரோட்டுல, மழையில முன்சக்கரம் வழுக்கிகினு போவும். மாத்தணும் மாத்தணும்னு சொல்லிகினே இருப்பா. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன். இப்ப மூணு மில்லியா வெச்சிடலாம்."

தறியிலிருந்து கழற்றிய தேய்ந்த பித்தளைப் புஷ் வளையம் ஒன்றை அறுத்தார். அராவினார். நான் காலிப்பரில் அளவு பார்த்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் முதலில் தன் விரலால் பார்த்துவிட்டுத்தான் என் எண்ணைக் கேட்டார். மூன்று என்று எண்ணித் துளை போட்டார். மூன்று புள்ளி பூஜ்யம் ஐந்து வந்தது. எங்கள் வேலையிடத்தில் அது திருப்பி அனுப்பப்படும். சொன்னேன்.

"அப்ப தப்பா?"

"இல்லைங்க. போதும்."

அதைப் புதுக் கைப்பிடிக்குள் பொருத்தி இரண்டு கேபிளையும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வலதுபக்கக் கியர் நெம்புகளை இறுக்கினார். கிராங்கை மாட்டினார். பெடலைக் கஜலட்சுமிக்கான 170 மில்லிமீட்டர் துளையில் மாட்டினார்.

கஜலட்சுமி ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார். உடனே ஏறுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திருப்பினார். "நீங்க மொதல்ல போய்ட்டு வாங்க. எடது கையில பிடிக்கக் கூடாது. மடியில வச்சிக்குங்க."

அந்தச் சைக்கிளின் ஒவ்வொரு பல்லையும் நான் அளந்திருந்தேன். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊரைத் தாண்டியதும் பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் பாதையில் ஒரு மேடு. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன். பாதியில் மூச்சு முட்டியது. வலது கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினேன். சங்கிலி இருபது பல்லில் இறங்கியதும் ஏதோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல ஆகிவிட்டது. உச்சியில் திரும்பி இறங்கினேன். இறக்கத்தில் வேகம் ஏறியது. இடது கை தானாக ஹேண்டில்பாருக்குப் போகப் பார்த்தது, அடக்கினேன். வலது கையின் நான்கு விரலால் இழுத்தேன். முதலில் பின்சக்கரம் பிடித்தது, கண் இமைக்கும் நேரம் கழித்து முன்சக்கரம். குலுக்கல் இல்லை, வழுக்கல் இல்லை. மேட்டின் கீழே காத்திருந்த கஜலட்சுமியின் காலடியில் சைக்கிள் வந்து நின்றது.

"எப்படி?" என்றார்.

"பயமா இருந்தது. நின்னுடுச்சு."

"ஆங். நின்னுதாங்க ஆவணும்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கஜலட்சுமி பின் கேரியரில் லுங்கிக் கட்டை ஏற்றினார். பாதிதான், இருபது. முதல் நாள் என்பதால். எந்த ஊர் என்று தணிகாசலம் கேட்டார். பெயர் சொன்னார்; எனக்குப் பிடிபடவில்லை, தெலுங்குப் பெயர். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடு, சாயந்திரம் எனக்கு ரெண்டு தறி ரிப்பேர் கீது" என்றார் தணிகாசலம். "வரேன், பெடல மாத்திவெக்க ஸ்பேனர எடுத்து வையி" என்று சொல்லிக்கொண்டே கஜலட்சுமி ஏறிவிட்டார். இரண்டு வருடம் ஓட்டாதவர் மாதிரி தெரியவில்லை. தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நின்றார், மாடு போனது, போய்விட்டார். என்னிடம் விடைபெற அவருக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மாலை 6.40, அம்பத்தூர். ரயிலை விட்டு இறங்கி, எப்போதும் போல மேம்பாலத்தைக் கடந்து நடந்தேன். ஞாயிறும் ஓடும் ஆலைகளில் ஷிப்டு விட்ட நேரம். பாலத்தின் மேட்டில் வழக்கம்போல முப்பது நாற்பது பேர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பத்து வருடமாகப் பார்க்கிற காட்சிதான். எந்தச் சைக்கிள், எந்த வருடம், எந்தப் பாகம் மாற்றியது என்றுதான் இதுவரை என் கண் போகும். அன்றைக்கு ஒருவருடைய சைக்கிளில் வலது பெடல் கட்டையின்மேல் டயர்த் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. நின்றேன். பெடலைவிட்டு மெல்ல அவருடைய செருப்பைப் பார்த்தேன், கணுக்காலைப் பார்த்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க?" என்றார்.

"இதை யார் கட்டினது?" என்று கேட்டேன். அவர் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.